பனியன் போட்ட ஞாயிற்றுக்கிழமை

எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பனியன் போட்டேன். கை வைத்த வெள்ளைப் பனியன். போன வருடம் தை மாதம் கழற்றி வைத்தது. நாற்பது நிமிடம் உடம்பில் இருந்தது, அப்புறம் எரிச்சல் தலையெடுக்கவே கழற்றிவிட்டேன். வீட்டில் பாயசம் வைத்தார்கள். பனியன் போட்டதற்கெல்லாமா பாயசம் என்று கேட்பவர்களுக்குக் கதையைச் சொல்லவும், அந்த நாற்பது நிமிடத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லவும்தான் இந்த மடல்.

நான் மானாமதுரைக்காரன். தபால்காரனாக 36 வருடம் சைக்கிள் மிதித்து ஓய்வு பெற்றவன். வயது 67. எனக்கு வந்தது அக்கி. அது ஒரு மாதத்தில் காய்ந்து உதிர்ந்துவிட்டது. அது விட்டுப்போன வலிதான் பதினான்கு மாதமாகக் கூடவே குடியிருக்கிறது.

முதல் நன்றி, மண்பாண்டம் செய்வதோடு அக்கியும் எழுதும் எங்கள் ஊர் வேளார் பெரியவருக்கு. இடது மார்புக்குக் கீழே தொடங்கி விலாவைச் சுற்றி முதுகுத்தண்டு வரை, கச்சை கட்டியது போல ஒரு பட்டையாக வலி ஆரம்பித்தது. நெஞ்சுவலி என்று பயந்து மகன் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். ஈசிஜி நன்றாக இருந்தது. வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. தோலில் ஒன்றுமே தெரியாத அந்த மூன்று நாளில் கண்டுபிடிப்பது கஷ்டம்தான். நாலாம் நாள் கொப்புளம் கிளம்பியதும் என் மனைவி பார்த்த மாத்திரத்தில், ‘இது அக்கிங்க’ என்றாள். விடிந்ததும் வேளார் வீட்டுத் திண்ணையில் சட்டையைக் கழற்றி உட்கார்ந்தேன்.

செங்காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் தடவி, ஓரத்தில் சிங்க உருவம் எழுதினார். எரிகிற இடத்தில் அந்த ஈரக் காவி ஜில்லென்று இதமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். எழுதி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “தம்பி, எழுதுறத எழுதியாச்சு. இப்படியே நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிரு. எங்கப்பாவுக்கு நெத்தியில வந்த அக்கி கண்ணுல இறங்கி ஒரு கண்ணு போச்சு. எழுதுனாப் போதும்னு நாங்க சும்மா இருந்துட்டோம்.” தலைமுறை தலைமுறையாக அக்கி எழுதும் வீட்டில் பிறந்தவர் வாயிலிருந்து இதைக் கேட்டேன். காசும் வாங்கவில்லை, வெற்றிலை பாக்கு மட்டும்தான்.

நான்தான் கேட்கவில்லை. மூன்று நாள் எழுத்து முடியட்டும் என்று இருந்துவிட்டு, கொப்புளம் கிளம்பிய ஐந்தாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே பணியில் இருந்த சின்ன வயது டாக்டர், அக்கிக் கிருமியை அடக்கும் அசைக்ளோவிர் எழுதினார். 800 மில்லிகிராம் மாத்திரை, ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன் என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, “சீக்கிரம் வந்தவங்களுக்கும் சில பேருக்கு வலி தங்கிடுதுங்க ஐயா, உங்களையே திட்டிக்காதீங்க” என்று தோளைத் தட்டினார். வலது தோளை. அந்த இடம் பார்த்துத் தட்டியதற்கே அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

அக்கி எங்கிருந்து வந்தது என்றும் அவர்தான் சொன்னார். எனக்கு எட்டு வயதில் சின்னம்மை போட்டது. வேப்பிலையில் படுக்கவைத்து, மூன்றாம் தண்ணீர் ஊற்றி, எல்லாம் முடிந்தது என்று வீடு நினைத்தது. முடியவில்லையாம். அந்த வைரஸ் முதுகுத்தண்டின் ஓரத்தில் நரம்பின் வேரில் போய்ப் படுத்துவிட்டது. வயதாகி உடம்பின் காவல் தளர்ந்ததும் எழுந்து, அந்த ஒரு நரம்பின் வழியாகவே தோலுக்கு வந்திருக்கிறது. அதனால்தான் பட்டை போல, ஒரு பக்கம் மட்டும். 58 வருடம் பட்டுவாடா ஆகாமல் கிடந்த தபால் என்று நான் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கொப்புளம் ஆறி, தழும்பும் மங்கிய பிறகுதான் உண்மையான கஷ்டம். சட்டைத் துணி உரசினால் நெருப்பு. தண்ணீர் தெறித்தால் நெருப்பு. நடுநடுவே யாரோ ஊசியைக் காய்ச்சிக் குத்துவது போல ஒரு வெட்டு. ஆனால் பார்ப்பவர்களுக்கு என் உடம்பில் காட்ட ஒன்றுமில்லை. “பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க?” என்ற கேள்வியை அந்த ஆறு மாதத்தில் எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. ரிட்டையர்டு ஆனவருக்கு வேலை இல்லை, அதான் என்றும் காதில் விழுந்தது. ஒரு கட்டத்தில் நானே என்னைச் சந்தேகப்பட்டேன். வலியைவிட அதுதான் அசிங்கமாக இருந்தது.

என்னோடு தபால் பிரிக்கும் சார்ட்டிங் டேபிளில் இருபது வருடம் நின்ற நண்பர் ஒருவர் ஆடி மாதம் வீட்டுக்கு வந்தார். இரண்டு நிமிடம் பார்த்தார். “நாளைக்கு மதுரை போறோம்” என்றார், அவ்வளவுதான். காரணம் கேட்கவில்லை, அறிவுரை சொல்லவில்லை. அவர் மருமகள் விசாரித்து வைத்திருந்த வலி சிகிச்சைப் பிரிவில் சீட்டு வாங்கி, மூன்று மணி நேரம் என்னுடன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அண்ணே, அன்றைக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த இரண்டு டீக்கும் நான் இன்னும் காசு கொடுக்கவில்லை. கொடுக்கப்போவதும் இல்லை.

அந்த டாக்டரம்மாவைப் பற்றி எழுதத்தான் இத்தனை நாள் பேனாவைத் தள்ளிப்போட்டேன். அவர் மயக்க மருந்துத் துறையைச் சேர்ந்தவர். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுப்பவர்கள்தான் பல இடங்களில் தீரா வலிக்கும் வைத்தியம் பார்க்கிறார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. “தொட்டுப் பார்க்கலாமா ஐயா?” என்று முதலில் கேட்டார். ஒரு துளிப் பஞ்சை எடுத்து மெல்லத் தடவினார், துள்ளிவிட்டேன். பிறகு உள்ளங்கையை வைத்து அழுத்தினார், ஒன்றும் ஆகவில்லை. இந்தக் கோணங்கித்தனத்தை எப்படி விளக்குவது என்று நான் திணறும்போது, “பஞ்சு பட்டா எரியும், அழுத்திப் பிடிச்சா தேவலைன்னு இருக்கும். அதானே?” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. 66 வயதில், வெளியே வரிசையில் ஆட்கள் நிற்க, தேம்பித் தேம்பி அழுதேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

அடிபட்ட நரம்பு எதுவும் நடக்காமலே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது என்றார். அதைக் கேட்டுக் கேட்டு முதுகுத்தண்டும் காது கூர்மையாகிவிட்டது, சாதாரணத் தொடுதலையும் வலி என்று வாசிக்கிறது. காயம் ஆறியும் வலி மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் அந்த வலியே ஒரு நோய், அதற்கென்று தனி வைத்தியம் உண்டு, சாதாரண வலி மாத்திரை இதற்குப் பெரிதாகக் கேட்காது, இத்தனை மாதம் நீங்கள் விழுங்கியது சிறுநீரகத்துக்குத்தான் கேடு என்றார். இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் பிழைத்திருந்தது. என் மொழியில் சொன்னால், அனுப்புநர் இல்லாத தந்தி ராத்திரி பகலாக வந்துகொண்டிருந்தது. நாட்டில் தந்தியை 2013 ஜூலையில் நிறுத்தியாகிவிட்டது. என் விலா எலும்புக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

முதல் நாளே ஒன்று சொல்லிவிட்டார். “வலியைப் பூஜ்யம் ஆக்கிடுவேன்னு சொல்ல மாட்டேன். பாதியாக் குறைஞ்சு, நீங்க தூங்கி எழுந்திருச்சா நாம ஜெயிச்ச மாதிரி.” அதுவரை நான் பார்த்தவர்களில் சிலர் அடியோடு போய்விடும் என்றார்கள், சிலர் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

இரவில் நரம்பு வலிக்கான காபாபென்டின் மாத்திரை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. கூடவே அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். ஊர் திரும்பியதும் பேரன் செல்போனில் தேடி, “தாத்தா, இது மனச்சோர்வு மாத்திரைன்னு போட்டிருக்கு” என்றான். அப்போ அந்த அம்மாவும் நம்பவில்லையா என்று கோபம் வந்து மாத்திரையை மூலையில் வைத்துவிட்டேன். இங்கேதான் எங்கள் தெரு மருந்துக்கடைத் தம்பிக்கு நன்றி சொல்ல வேண்டும். “மனச்சோர்வுக்குன்னா அளவு வேறங்க. இவ்வளவு சின்ன அளவுல இது நரம்புக்கு. மூளையிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கி வலியை அடக்குற பாதை ஒண்ணு இருக்கு, அதுக்குத் தெம்பு கொடுக்கும்” என்று சீட்டின் பின்பக்கம் கோடு போட்டுக் காட்டினான். மூன்று வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள். மருந்தால் வாய் உலர்ந்தது, முதல் இரண்டு வாரம் தலை சுற்றி ஒருநாள் கொல்லையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வயதானவர்கள் ராத்திரி எழுந்தால் கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள்.

மிளகாய்க் கதையையும் சொல்லிவிடுகிறேன். மிளகாயின் காரச் சத்தில் செய்த களிம்பு ஒன்றும் கொடுத்தார்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய சீமைக்குப் பக்கத்துச் சீமைக்காரன் நான், என்னிடமே மிளகாயா என்று சிரித்தேன். நரம்பு நுனியில் சூட்டை உணரும் வாசல் ஒன்று இருக்கிறதாம், மிளகாய்க் காரம் திறப்பதும் அதே வாசலைத்தான். தினமும் தட்டித் தட்டித் திறந்தால் அது சலித்துப்போய் மரத்துவிடும். அந்த வாசலைக் காரத்தை வைத்தே 1997-ல் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு, ஆர்டெம் படபூட்டியனோடு சேர்த்து. எனக்குக் கிடைத்தது வேறு பரிசு. தடவிய கையைச் சரியாகக் கழுவாமல் கண்ணைக் கசக்கிவிட்டேன். களிம்பு எனக்கு ஒத்துவரவில்லை, ஒரு மாதத்தில் விட்டாயிற்று. சிலருக்குக் கேட்குமாம்.

பிசியோதெரபிப் பெண் கொடுத்த பாடம் இன்னும் நடக்கிறது. முதலில் பட்டுத்துணி, பிறகு பழைய வேட்டி, பிறகு துண்டு என்று வலிக்கிற இடத்தைத் தினமும் சில நிமிடம் தடவிப் பழக்க வேண்டும். இது சாதாரணத் துணிதான், ஆபத்தில்லை என்று நரம்புக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. பள்ளிப் பிள்ளையைக் கையெழுத்து எழுத வைப்பது மாதிரி அலுப்பு. “இன்னைக்கு எத்தனை மார்க் ஐயா?” என்று வலிக்குப் பத்துக்கு மார்க் கேட்பார். ஆடியில் எட்டு போட்டேன். இப்போது பெரும்பாலும் மூன்று, மழை மூட்டம் போட்டால் ஐந்து. அம்மா, துண்டோடு நிற்காமல் பனியன் வரை வந்துவிட்டேன்.

மதுரை பஸ் கண்டக்டர் தம்பிக்கும் நன்றி. மூன்றாவது தடவை பார்த்ததும் இடது வரிசை ஜன்னலோரம் எனக்கென்று துண்டு போட்டு வைத்தார். அங்கே உட்கார்ந்தால் இடது பக்கம் யாரும் உரச மாட்டார்கள் என்று நான் ஒருமுறை முனகியதைக் காதில் வாங்கியிருக்கிறார். பேரனுக்கும். ஓடிவந்து கட்டிக்கொள்ளும் வயதில், ஒரு நொடி நின்று வலது பக்கமாகச் சுற்றி வருகிறான்.

இன்னொரு விஷயம், என் வயதுக்காரர்களுக்கு. இந்த அக்கிக்குத் தடுப்பூசி இருக்கிறது. 2023-லிருந்து நம் நாட்டிலும் கிடைக்கிறது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. விலை கையைக் கடிக்கும். இருந்தாலும் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைசியாக வீட்டுக்காரிக்கு. இதை அவள் வாசிக்க மாட்டாள், பேரன் வாசித்துக் காட்டுவான், அப்போது நான் வாசலில் இருப்பேன். போன கத்திரியில் எங்கள் வீட்டில் மின்விசிறி ஓடவில்லை. விசிறிக் காற்று பட்டாலே எனக்கு எரியும். மானாமதுரை வெயிலில், ஜன்னல் திறந்தால் கொசு, மூடினால் சூளை. முற்றத்தில் போய்ப் படு என்று எத்தனையோ தடவை சொன்னேன், கேட்கவில்லை. பனை ஓலை விசிறி ஒன்றை வைத்துக்கொண்டு, காற்று என் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்து விசிறிக்கொண்டே ராத்திரி முழுவதும் கிடப்பாள். பழைய வேட்டியைக் கிழித்து, உரசாமல் இறுக்கிப் பிடிக்கிற மாதிரி என் விலாவில் சுற்றிவிட்டவளும் அவள்தான். டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, “இதை யார் சொல்லிக் கொடுத்தாங்க? சரியாத்தானே கட்டியிருக்காங்க” என்றார். ‘வலிக்குதா?’ என்று மட்டும் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிந்திருக்கிறது.

பனியன் போட்ட அன்று ராத்திரி நானே எழுந்துபோய் மின்விசிறியைப் போட்டேன். ரெகுலேட்டரில் இரண்டு. அவள் படுத்தபடியே மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “மூணுல வைக்கலாமா?” என்றாள். சித்திரை பிறக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.