5,554-ஐ 900-ஆல் வகுத்தால் பயண நேரம் வந்துவிடுமா?

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உங்கள் செயலி காட்டிய தவறான விமானப் பயண நேரம்

ஐயா / அம்மா,

வணக்கம். நான் உங்கள் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டுபவள். போன ஜனவரியில் என் அப்பா லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே.வுக்குத் தனியாக வந்தார். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருந்தது: காலை 11-க்குக் கிளம்பி மதியம் 2-க்கு வந்து சேரும். உள்ளே எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பார் என்று தெரிய உங்கள் செயலியைப் பார்த்தேன். தூரம் 5,554 கிலோமீட்டர், பயண நேரம் 6 மணி 10 நிமிடம் என்று காட்டியது.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும். கடிகாரத்தை மாற்றாதீர்கள் என்று சொல்லி, ஒரு துண்டுத் தாளில் “5.10 இறங்கும். 5.45 ஊசி, பிறகு சாப்பாடு” என்று எழுதி அவரிடம் கொடுத்திருந்தேன். 5.45-க்கு விமானம் நடுவானில் இருந்தது. இதோ இறங்கிவிடும் என்று நினைத்து, தாளில் இருந்த நேரம் தப்பாமல் ஊசி போட்டுக்கொண்டார். கையில் சாப்பிட எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் சட்டை முழுக்க வியர்வை, கை நடுக்கம். பக்கத்து இருக்கைப் பெண்மணி பணியாளரைக் கூப்பிட்டு ஜூஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவர் கவனிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. விமானம் வாயிலுக்கு வந்து நின்றபோது அப்பாவின் கடிகாரத்தில் மணி 7.15.

அப்புறம் செயலியில் ஊர்களை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கும் அதே 6 மணி 10 நிமிடம்! அப்போதுதான் புரிந்தது, விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு 5,554-ஐ 900-ஆல் வகுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

வட அட்லாண்டிக் மேலே ஜெட் ஸ்ட்ரீம் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது, குளிர்காலத்தில் இன்னும் பலமாக. 2020 பிப்ரவரியில் ஒரு போயிங் 747 அந்தக் காற்றோடு நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்விட்டது. எதிர்த் திசையில் அதே காற்று முகத்தில் அடிக்கும். நீங்கள் காட்டும் தூரமும் உருண்டையான பூமியின் மேல் மிகக் குறுகிய வளைகோடு. விமானம் காற்றையும் மற்ற விமானங்களையும் பார்த்து விலகித்தான் போகும். ஓடுபாதைக்கு வரிசையில் நிற்கும் நேரமும் உண்டு, அப்பாவின் விமானம் கதவை மூடிய பிறகு தரையிலேயே 40 நிமிடம் நின்றது. விமான நிறுவனங்கள் அட்டவணையில் போடுவது வாயிலிலிருந்து வாயில் வரையான நேரம். அதை அவர்கள் வெளிப்படையாகவே வெளியிடுகிறார்கள்.

டிக்கெட்டைப் பார்த்து 5 மணி நேர வித்தியாசத்தை நானே கூட்டியிருக்கலாம் என்று உங்கள் ஊழியர் தொலைபேசியில் சொன்னார். சரி, ஆனால் அந்தக் கணக்கைப் போடத்தானே சந்தா கட்டினேன்? அதுவும் எப்போதும் 5 இல்லை. மார்ச்சில் அமெரிக்கா கடிகாரத்தை முன்னால் தள்ளிய பிறகு, பிரிட்டன் தள்ளும்வரை வித்தியாசம் 4 மணிதான்.

அட்டவணை நேரத்தைத் திசைவாரியாகக் காட்டுங்கள். அது முடியாவிட்டால் “பயண நேரம்” என்ற சொல்லை இன்றே எடுத்துவிட்டு, தூரத்தை வேகத்தால் வகுத்த கணக்கு என்று அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். என் சந்தாவைத் திருப்பித் தாருங்கள். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்.

செயலியின் ஸ்கிரீன்ஷாட்டையும் அப்பாவிடம் கொடுத்த தாளின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்