கொழும்புக்குக் கடன் வந்தால் நம் பில் பாஸாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இலங்கைக்கு ஆசிய வளர்ச்சி வங்கி கடன் தருகிறது என்று செய்தி வந்தால் போதும், மதுரையில் வியாபாரிகள் நிறைந்த கீழமாசி வீதியில் ‘இனி கொழும்பு பார்ட்டிக்கு தைரியமா கடனுக்கே ஏத்தலாம்’ என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. எந்த வகைக் கடன் என்று யாரும் கேட்பதில்லை.

2023 மே மாதம் அந்த வங்கி ஒப்புதல் தந்த 35 கோடி டாலர், சீர்திருத்தங்களைச் செய்து காட்டிய அரசுக்குக் கொடுக்கும் கொள்கைக் கடன். டாலர் நாட்டின் கையிருப்பில் சேரும்; அதற்கு ஈடான ரூபாய் அரசின் செலவுக்குப் போகும். நம்மிடம் மிளகாய் வத்தல் இறக்குமதி செய்பவரின் கணக்குக்கு நேராக ஒரு சென்ட்டும் வராது. அவருடைய வங்கிக்கு டாலர் புரட்டுவது கொஞ்சம் சுலபமாகலாம், அவ்வளவுதான். சாலை, குடிநீருக்கான திட்டக் கடனோ வேலை நடந்து பில் பாஸான பிறகே துண்டு துண்டாக வரும்.

நம் ஏற்றுமதியாளருக்கு நேராகப் பயன்பட்டது வேறு வகை. 2022-ல் உணவு, மருந்து போன்ற அத்தியாவசியப் பொருட்களை இந்தியாவில் வாங்க ஸ்டேட் வங்கி மூலம் திறந்த 100 கோடி டாலர் கடன் வசதி அது. அதன் கீழ் போன சரக்குக்குப் பணம் இந்தியாவிலேயே பட்டுவாடா ஆனது. தங்கள் நாளிதழ் இத்தகைய செய்திகளில் கடனின் வகையையும் ஒரு வரி சேர்த்துப் போட்டால் வியாபாரிகளுக்கு உதவியாக இருக்கும்.

இன்னொன்று. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிக்கடன் தவணைகளை நிறுத்திவைத்த இலங்கை, உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவற்றின் பாக்கியை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. சரக்கு அனுப்பியவருக்கு அப்படி எந்த முன்னுரிமையும் கிடையாது. அதே ஆண்டு டாலர் இல்லாமல் உணவுப் பொருள் கன்டெய்னர்கள் கொழும்புத் துறைமுகத்தில் தேங்கியது நினைவிருக்கும்.

ஆகவே எல்.சி. (சரியான ஆவணங்களைக் கொடுத்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) இல்லாமல் ஏற்றாதீர்கள். எல்.சி.யிலும் நம் ஊர் வங்கி ‘கன்ஃபர்ம்’ செய்து, அதாவது பணத்துக்குத் தானும் பொறுப்பேற்று, தருமா என்று முதலில் கேளுங்கள். தயங்கினால், அதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டாம். எல்.சி.யில் ‘டிரை ரெட் சில்லி’ என்றிருக்க, இன்வாய்ஸில் வெறும் ‘சில்லி’ என்று அடித்தாலே கொழும்பு வங்கி பணத்தை நிறுத்திவைக்க அது போதும். எல்.சி.யில் வேறு கெடு இல்லையென்றால், கப்பலேறிய 21 நாளுக்குள், அதுவும் எல்.சி. காலாவதியாகும் முன், ஆவணங்கள் வங்கியில் இருக்க வேண்டும்.

தூத்துக்குடியிலிருந்து சரக்கு ஓரிரு நாளில் போய்விடும், ஆவணம்தான் பின்தங்கும். அதைக் காட்டி, ‘ஒரு ஒரிஜினல் பி.எல்.லை நேரா கூரியர்ல அனுப்பிடுங்க’ என்பார்கள் வாங்குபவர்கள். பி.எல். என்பது கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டு; அதைக் காட்டித்தான் சரக்கை எடுக்க முடியும். அனுப்பினால் அவர்கள் பணம் கட்டாமலே சரக்கை எடுத்துவிடலாம். பி.எல்.லில் வாங்குபவர் பெயருக்குப் பதிலாக ‘டு ஆர்டர்’ என்று அவருடைய வங்கியின் பெயரைப் போடச் சொல்லுங்கள்; மூன்று ஒரிஜினலும் வங்கி வழியாகவே போகட்டும். வாங்குபவர் பணம் தராமல் போனால் ஏற்றுமதியாளருக்கு ஈடு தரும் அரசு நிறுவனமான இ.சி.ஜி.சி.யின் காப்பீட்டில் அந்த வாங்குபவருக்கு எவ்வளவு வரம்பு என்பதை ஆர்டர் எடுக்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
ஏற்றுமதி ஆவண ஆலோசகர்,
மதுரை.