செயலாளர் ஆண்டறிக்கை: மார்ச் 2024 முதல் பிப்ரவரி 2025 வரை

சாட்ஸ்வர்த், டர்பன்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஆயாமார்களே, தாத்தாமார்களே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

போதிய உறுப்பினர்கள் வராமல் இரண்டு முறை தள்ளிப்போன பொதுக்கூட்டம் இன்று நடக்கிறது. வந்திருப்பவர்களுக்கு முதல் நன்றி.

புனித வெள்ளியன்று தீமிதிக்கு வந்த அடியார்களுக்கு நீர்மோர்ப் பந்தல் வைத்தோம். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். புரட்டாசிச் சனிக்கிழமைகள் நான்கிலும் பஜனையும் இலைச் சாப்பாடும் நடந்தன. தீபாவளிக்கு முதியோர் வீடுகளுக்குப் பலகாரப் பொட்டலம் சென்றது. நவம்பர் 16 அன்று, 1860இல் ட்ரூரோ கப்பலில் நேட்டாலுக்கு வந்து சேர்ந்த முன்னோர் நினைவாக விளக்கேற்றினோம். தைப்பூசக் காவடிக்குத் தொண்டர்களை அனுப்பினோம்.

அடுத்தது, சென்ற பொதுக்கூட்டத்தில் ஒப்புதல் பெற்ற வீடியோ கேம் திட்டம். “சங்கப் பணத்தில் பிள்ளைகளைக் கேம் ஆட வைக்கிறார்கள்” என்ற பேச்சு ஆண்டு முழுவதும் என் காதுக்கு வந்துகொண்டே இருந்தது. ஆகவே நடந்ததை விவரமாகச் சொல்வது என் கடமை.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆண்டுத் தொடக்கத்தில் நிரம்பியிருக்கும், ஜூன் குளிர் வந்தால் பாதியாகும். வகுப்பு முடிந்ததும் 2 மணி முதல் 4 மணி வரை மண்டபத்தின் பின்னறையில் கேம் வைத்தோம். ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளைக் கலந்து செய்த கேம்களை மட்டுமே எடுத்தோம். ஓடிக் குதிக்கும் கேமை மட்டும் வைத்தால் பையன்கள் ஆடுவார்கள், தாத்தாக்கள் வேடிக்கை பார்ப்பார்கள். சீட்டு மட்டும் வைத்தால் அதற்கு நேர்மாறு. கலப்பு கேமில் ஒவ்வொருவருக்கும் பாதி தெரிந்திருக்கும், பாதி தெரியாது. ஆகவே ஒருவரை ஒருவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். அப்படிக் கேட்கும்போதுதான் பின்னறையில் தமிழ் பேசப்பட்டது.

2024 பிப்ரவரியில் வெளிவந்த பலாட்ரோ இதற்கு நல்ல சான்று. போக்கர் சீட்டு வரிசைகளும், ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கித் தோற்றால் எல்லாவற்றையும் இழக்கும் ரோக்லைக் வகையும் இதில் கலந்திருக்கின்றன. கையில் 8 சீட்டு, ஒரு தடவைக்கு 5 வரை போடலாம். ஒரு ஜோடிக்கு 10 சில்லு (புள்ளி), அதோடு அந்தச் சீட்டுகளின் மதிப்பும் சேரும், மொத்தத்தை 2ஆல் பெருக்கு. ஒரே இனத்தில் ஐந்து சீட்டு என்றால் 35 சில்லு, 4ஆல் பெருக்கு. ஜோக்கர்கள் சேரச் சேர அந்தப் பெருக்கம் ஏறும். நம் டர்பன் சீட்டாட்டமான தூனி ஆடிப் பழகிய பெரியவர்கள் முதலில் தடுமாறியது ஜாக்கில்தான். தூனியில் ஜாக் 30, ஒன்பது 20. பலாட்ரோவில் ஜாக் வெறும் 10. அந்தப் பழக்கத்தை விட்ட பிறகு, எதைக் கழிப்பது, எதை வைத்துக்கொள்வது என்ற கணக்கில் பெரியவர்கள் பையன்களைவிடத் தேர்ந்தவர்களாக இருந்தார்கள். சூதாட்டம் என்று ஒரு முறையீடு எழுத்தில் வந்தது. அதில் காசு வைக்க வழியே இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

நம் நாட்டிலேயே, கேப்டவுனில் க்யூசிஎஃப் டிசைன் நிறுவனம் செய்த டெஸ்க்டாப் டன்ஜன்ஸ் 2013இல் முழு வடிவில் வந்தது. புதிர், நிலவறைத் தேடல் இரண்டின் கலப்பு இது. ஒரு நிலவறை முழுவதும் ஒரே திரையில் அடங்கும், ஓர் ஆட்டம் ஏறத்தாழ பத்து நிமிடத்தில் முடியும். மூடியிருக்கும் ஒவ்வொரு கட்டத்தைத் திறக்கும்போதும் உயிரும் மந்திர சக்தியும் கொஞ்சம் திரும்பும். ஆகவே திறக்காத இருட்டுக் கட்டங்கள்தான் கையிருப்பு. ஆர்வத்தில் எல்லாக் கட்டங்களையும் முதலிலேயே திறந்துவிட்டால், கடைசிப் பூதத்தின் முன் நிற்கும்போது மீட்டுக்கொள்ள ஒன்றும் இருக்காது. புதிதாக ஆடுபவர்கள் தோற்பது பெரும்பாலும் இதனால்தான். தேடுவதும் புதிர் போடுவதும் இதில் ஒரே செயலாகிவிட்டன.

தாளமும் நிலவறையும் கலந்த கிரிப்ட் ஆஃப் தி நெக்ரோடான்சர் கேமை மூன்று வாரம் வைத்தோம். ஒவ்வோர் அடியும் பாட்டின் தாளத்தில் விழ வேண்டும். முதல் வாரம் யாராலும் நாலடி நடக்க முடியவில்லை. குறை ஆடியவர்களுடையது அல்ல. புளூடூத் ஸ்பீக்கரில் ஒலி பிந்தி வருகிறது, அதைக் கேட்டு அழுத்தினால் தாளம் ஏற்கெனவே போய்விட்டிருக்கும். கம்பி ஸ்பீக்கருக்கு மாற்றினோம், டிவியில் கேம் மோடை இயக்கினோம், கேமின் அமைப்பில் உள்ள தாமதச் சரிபார்ப்பை ஒரு முறை செய்தோம், சரியாகிவிட்டது. தாளம் பிடிபடாத முதியவர்களுக்கு பார்ட் என்ற பாத்திரம் உண்டு. அதை எடுத்தால் தாளத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

எந்தக் கலப்பு நிற்கும், எது நிற்காது என்பதற்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்த உதாரணம் 1990இல் வந்த ஆக்ட்ரெய்ஸர். வாளேந்திச் சண்டை ஒரு பாதி, ஊர் கட்டுவது மறு பாதி. சண்டையில் பூதத்தை விரட்டினால் நிலம் குடியேற்றத்துக்குத் திறக்கும். ஊரில் மக்கள்தொகை கூடினால் சண்டை போடும் நாயகனின் பலம் கூடும். ஒரு பாதி மறு பாதிக்குச் சோறு போடுகிறது. 1993இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஊர் கட்டுவதை எடுத்துவிட்டார்கள், முதல் பாகத்துக்கு இருந்த வரவேற்பு அதற்குக் கிடைக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் 2008இல் வந்த ஸ்போர். நுண்ணுயிர், விலங்கு, குடி, நாகரிகம், விண்வெளி என்று ஐந்து கட்டங்கள், ஐந்தும் ஐந்து வகை கேம். ஒன்றில் கற்ற கைப்பழக்கம் அடுத்ததில் அநேகமாக உதவாது. பெரிய உழைப்பு அது, மரியாதையோடுதான் சொல்கிறேன். ஆனால் அடுக்கி வைத்திருக்கிறார்களே தவிர, கலக்கவில்லை.

இதே பாடத்தை நம் சொந்த கேமில் நாமே படிக்க வேண்டியிருந்தது. தமிழ்த் தட்டச்சும் தோட்டக் காவலும் கலந்த கேம் ஒன்றை மூத்த மாணவர்கள் எழுதிவருகிறார்கள். நம் வட்டாரத்துக் கூரைகளில் வரும் வெர்வெட் குரங்குகள் தோட்டத்துக்குள் இறங்கும். அவை எதையும் தொடுவதற்கு முன் அவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டும். முதல் வடிவத்தில் செடியை மவுஸால் நட வேண்டும். குரங்கு வந்தால் ஆட்டம் நின்று ஒரு பெட்டி திறக்கும், அதில் தமிழ்ச் சொல்லைத் தட்டினால் ஆட்டம் தொடரும். பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காததில் நியாயம் இருந்தது. தமிழ் அங்கே வாசலில் நிற்கும் காவலாளி, அதைத் தாண்டினால்தான் விளையாட்டு. இரண்டு மாத வேலையைத் தள்ளிவைத்தோம்.

இரண்டாம் வடிவத்தில் உயிர்மெய் அட்டவணையையே தோட்டமாக்கினோம். 18 மெய், 12 உயிர், ஆக 216 குழிகள். திரைக்கு அது அதிகம் என்பதால் முதல் நிலையில் வல்லினம் ஆறும் பாத்திகள், குறில் ஐந்தும் குழிகள், மொத்தம் 30. தமிழ்99 விசைப்பலகையில் உயிர் இடக்கைப் பக்கம், வல்லின மெய் ஆறும் வலக்கைப் பக்கம். ஆகவே வலக்கை பாத்தியைத் தேர்ந்தெடுக்கிறது, இடக்கை குழியைத் தேர்ந்தெடுக்கிறது. ‘பசு’ என்று தட்டினால் ப குழியிலும் சு குழியிலும் செடி முளைக்கும். ‘பட்டு’ என்று தட்டினால் ட் ட-வரிசைப் பாத்திக்கு வேலியாகும், குரங்கு அங்கே நின்றுவிடும். ட-வை இரண்டு முறை அழுத்தினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுவது தமிழ்99இன் விதி, அந்த விதியே இங்கே வேலி போடும் வழியாகிவிட்டது. எந்தப் பாத்தியில் குரங்கு வருகிறதோ அந்த எழுத்துள்ள சொல்லைப் பிள்ளை தேட வேண்டும். சொல்வளமே இங்கே ஆயுதம். பெட்டி இல்லை, காவலாளி இல்லை.

செய்யும்போது கெட்டவற்றை, பின்னால் வருபவர்களுக்காக எழுதிவைக்கிறேன். பழைய கணினிகளில் ஓடட்டும் என்று, கேம் செய்யும் மென்பொருளான கோடோவின் 3ஆம் பதிப்பில் தொடங்கினோம். அதில் ‘கெ’ என்று எழுதினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இந்திய எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கும் வசதி கோடோ 4இல்தான் வந்தது. அதற்கு மாறியதும் பழைய லேப்டாப் இரண்டில் கேம் திறக்கவே இல்லை. வல்கன் என்ற புதிய வரைகலை வசதியைக் கேட்கும் முறையை விட்டு, பழைய கணினிக்கும் ஏற்ற கம்பாட்டிபிலிட்டி என்ற படம் வரையும் முறையைத் தேர்ந்ததும் திறந்தது. பிரவுசரில் ஓட்டியபோது தமிழ் முழுவதும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. பிரவுசரில் ஓடும்போது கணினியில் உள்ள எழுத்துருவை கோடோவால் எடுத்துக்கொள்ள முடியாது, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைத் திட்டக் கோப்புக்குள்ளேயே வைக்க வேண்டும். ஆகஸ்ட் 2024இல் வந்த கோடோ 4.3 பதிப்பில், பிரவுசரில் ஒரே செயல்வரிசையில் ஓடும் ஒற்றை இழை ஏற்றுமதி இருப்பதால், சர்வரில் தனி அமைப்பு செய்யாமலே சாதாரண இணைய இடத்தில் வைக்க முடிகிறது.

மிக அதிக நேரம் தின்றது ‘கொடி’ என்ற சொல். பிள்ளை சரியாகத் தட்டுவாள், கேம் தவறு என்று சொல்லும். சொற்பட்டியலை இரண்டு பேர் இரண்டு மென்பொருளில் தட்டியிருந்தார்கள். ஒருவரது ‘கொ’வில் ஒகரக் குறி ஒரே குறியெண் (கணினி எழுத்தை அடையாளம் காணும் எண்), மற்றவரதில் கொம்பும் காலும் தனித்தனிக் குறியெண்கள். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. பட்டியலையும் தட்டுவதையும் ஒப்பிடும் முன் கொம்பு-கால் இணைகளை ஒற்றைக் குறியாக மாற்றும் வரிகளைச் சேர்த்தோம். இன்னொன்று: எழுத்துக்கு ஒரு துளி தண்ணீர் என்பது விதி. ‘தமிழ்’ மூன்று எழுத்து, ஆனால் குறியெண்கள் ஐந்து, ஐந்து துளி விழுந்தது. உயிர்க்குறியையும் புள்ளியையும் எண்ணாமல் விட்டதும் கணக்கு நேரானது. கணினியில் தமிழ் விசைப்பலகை நிறுவ வேண்டாம் என்பதற்காக, விசையின் இடத்தைப் படித்து எழுத்தாக்கும் வேலையை கேமுக்குள்ளேயே வைத்தோம். சொல்லின் கடைசி எழுத்து அகரமா, பின்னால் உயிர் வருமா என்று கேமுக்குத் தெரியாது. அதற்காக ஸ்பேஸ் அழுத்தினால் சொல் முடிந்தது என்று வைத்தோம். விசைகளில் ஒட்ட 31 ஸ்டிக்கர் போதும்: உயிர் 12, மெய் 18, புள்ளி 1. மின்தடையில் ஒரு பிள்ளையின் ஆட்டம் முழுவதும் அழிந்தது, அதன்பின் ஒவ்வொரு குரங்குக் கூட்டம் முடிந்ததும் கேம் தானாகச் சேமிக்கிறது.

இந்தத் திட்டத்துக்குச் சென்ற பொதுக்கூட்டத்தில் கை தூக்கி அமைத்த துணைக்குழுவில் ஆறு பேர். முதல் மாதத்துக்குப் பின் தொடர்ந்து வந்தவர்கள் இருவர். மற்றவர்களுக்கு வாரந்தோறும் வாட்ஸ்அப்பில் நினைவூட்டினேன். நீல டிக் விழுந்தது, ஆள் வரவில்லை. வேலை, குடும்பம், நோய் எல்லாருக்கும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. வர முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு ஆளைக் கேட்டிருப்பேன். சொற்பட்டியலைச் சரிபார்க்க ஆளில்லாததால் இரண்டாம் நிலை மூன்று மாதம் தள்ளிப்போனது.

சந்தா பற்றியும் சொல்லியாக வேண்டும். பதிவேட்டில் 84 குடும்பங்கள் உள்ளன. பிப்ரவரி இறுதிக்குள் ஆண்டுச் சந்தா 180 ராண்ட் கட்டியவை 37. மாதத்துக்கு 15 ராண்ட் அது. கட்டாதவர்களின் பிள்ளைகள் வகுப்புக்கும் கேம் அறைக்கும் வருகிறார்கள். எந்தப் பிள்ளையையும் வாசலில் நிறுத்தவில்லை, நிறுத்தவும் மாட்டோம். பெற்றோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வரவு செலவு விவரம் பொருளாளர் அறிக்கையில் வரும். சுருக்கமாக, கோயில் நிகழ்ச்சிகள் தம் செலவைத் தாமே ஈடுகட்டின. மண்டப வாடகை வரவு குறைந்தது. கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. கேம் திட்டத்தில் கேம் விலை, இரண்டு கன்ட்ரோலர், ஸ்பீக்கர் கம்பி, ஸ்டிக்கர் ஆகியவை மட்டுமே செலவு. லேப்டாப்கள் நன்கொடை, கோடோவுக்குக் கட்டணம் கிடையாது. குறைந்த கையிருப்புக்குக் காரணம் பின்னறை அல்ல என்பதை ரசீதுகளைப் பார்ப்பவர்கள் அறிவார்கள்.

தலைவர் ஐயாவுக்கும், பொருளாளர் அக்காவுக்கும், குருக்கள் ஐயாவுக்கும், சமையற்கட்டுத் தாய்மார்களுக்கும், மண்டபக் காவலர் அண்ணாவுக்கும், சனிக்கிழமை வகுப்பு ஆசிரியைகளுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் மெல்லினமும் இடையினமும் நெடிலும் சேர வேண்டும். அதற்கு ஏறத்தாழ 400 சொற்கள் தேவை. இங்கே வீட்டில் புழங்கும் சொற்களாக இருந்தால் நல்லது. ஆயாமார் வாயில் உள்ள சொற்கள் எந்த அகராதியையும்விடப் பிள்ளைகளுக்கு நெருக்கம். ஒவ்வொரு சொல்லையும் ஒருவர் உச்சரித்துப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு ஒரு மைக்கும் காற்றாடியை நிறுத்திய அறையும் போதும். கேமுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, அதையும் உறுப்பினர்களே சொல்லட்டும். மூத்த மாணவர்களில் இருவர் அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம் செல்கிறார்கள். அவர்கள் எழுதிய நிரலை இப்போதே பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஆள் வராவிட்டால், வேலை இந்த நிலையிலேயே நின்றுபோகும். செயலாளர் பொறுப்பை இன்னோர் ஆண்டு ஏற்க நான் தயார், ஆனால் துணைக்குழுவில் பெயர் கொடுப்பவர்கள் மாதம் இரண்டு சனிக்கிழமை வருவதாக ஒப்புக்கொண்டு கொடுக்க வேண்டும்.

பெயர் எழுதும் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. சந்தா ரசீதுப் புத்தகமும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. பின்னறைச் சாவி சனிக்கிழமை 1.30க்குக் காவலர் அண்ணாவிடம் கிடைக்கும்.

இங்ஙனம்,
செயலாளர்