டாக்டர், அந்த ஊசியின் பெயர் என்ன?

தமிழ்நாட்டில் வீட்டு நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் எல்லோருக்கும்,

வணக்கம்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். பாதி மடலில் எனக்குக் கோபம் வந்துவிடும், அப்புறம் சொல்ல மறந்துவிடுவேன்.

எங்கள் வீட்டு ஜிம்மிக்குப் பதினோரு வயது. லாப்ரடார். இருக்க வேண்டிய எடை 28 கிலோ, வைத்தியம் தொடங்கியபோது இருந்தது 32. போன வருடம் பொங்கல் சமயத்தில், காலையில் எழுந்திருக்க அவன் படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, பின்பக்கத்தை இழுத்துப் பார்ப்பான். டைல்ஸில் நகம் கீறும். சறுக்கி மறுபடி உட்கார்ந்துவிடுவான். பிறகு எங்களைப் பார்த்து வாலை ஆட்டுவான். ஒரு முனகல்கூட வராது. வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று நாங்களும் விட்டுவிட்டோம். உங்களில் ஒருவர்தான் அவன் பின்னங்காலை மெதுவாகப் பின்னால் நீட்டிப் பார்த்து, அவன் சட்டென்று தலையைத் திருப்பியதைக் கவனித்து, "சார், இவனுக்கு வலிக்குது" என்றார். எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. மெலாக்சிகாம் என்கிற வலி மருந்துத் திரவம் எழுதிக் கொடுத்தார். நாலாம் நாள் காலையில் பால்காரர் சைக்கிள் மணி கேட்டதும் ஜிம்மி எழுந்து கேட் வரை போனான். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து பார்த்தாள்.

அதனால், வலி மருந்தே விஷம் என்று சொல்ல வந்தவன் இல்லை நான். இணையத்தில் எதையோ படித்துவிட்டு மருந்தை நிறுத்தி, நாயை வலியோடு படுக்கப்போட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். மருந்து ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜிம்மி காதைச் சொறிந்து சொறிந்து ரத்தமாக்கிவிட்டான். வழக்கமான டாக்டர் ஊரில் இல்லை. இன்னொரு கிளினிக்குக் கூட்டிப் போனேன். காதைச் சுத்தம் செய்து, ஒரு ஊசி போட்டு, ஐந்து நாளைக்கு மாத்திரையும் ஒரு காகித உறையில் போட்டுக் கொடுத்தார்கள். "அரிப்பு நின்னுடும்" என்றார்கள். நின்றது. வேறு மருந்து ஏதாவது ஓடுகிறதா என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் கணக்கில் காது வேறு, இடுப்பு வேறு. இரவு வழக்கம்போல மெலாக்சிகாமும் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. மலம் கருப்பாக, தார் மாதிரி ஒட்டிக்கொண்டு இருந்தது. முந்தின நாள் கேழ்வரகுக் களி போட்டோம், அதனால் இருக்கும் என்று நினைத்து, குழாயைப் பிடித்துச் சிமெண்ட் தரையில் தண்ணீர் அடித்தேன். கருப்பின் ஓரத்திலிருந்து செந்நிறமாகக் கரைந்து ஓடியது. களி அப்படிக் கரையாது.

மருத்துவமனையில் முதல் கேள்வி, "என்ன ஊசி போட்டாங்க?" என்பதுதான். பையிலிருந்து பில்லை எடுத்துக் காட்டினேன். 'ஊசி – 1, மாத்திரை – 10' என்று இருந்தது, பக்கத்தில் ரூபாய். அவ்வளவுதான். அங்கிருந்த டாக்டர் பில்லைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். மீதி மாத்திரைகள் அட்டையிலிருந்து பிரித்துப் போடப்பட்டவை, பெயர் கிடையாது. கிளினிக்குக்கு நாலு தடவை போன் அடித்த பிறகுதான் அது டெக்சாமெத்தசோன் ஊசி, பிரெட்னிசலோன் மாத்திரை என்று தெரிந்தது. இரண்டும் ஸ்டீராய்டு. அரிப்புக்கு ஸ்டீராய்டு கொடுத்தது தப்பில்லை. மூட்டுக்கு மெலாக்சிகாம் கொடுத்ததும் தப்பில்லை. இரண்டையும் ஒரே வயிற்றில் சேர்த்ததுதான் தப்பு. அதில் பாதிப் பங்கு என்னுடையது. ஆனால் அந்தப் பாதியை நான் செய்யாமல் இருந்திருக்க முடியும், யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால்.

ஆறு நாள் டிரிப்ஸ் ஏறியது. பிழைத்துவிட்டான்.

அந்த ஆறு நாளும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது உங்களுக்கு முதல் வருடப் பாடமாக இருக்கும். எங்களுக்கு யாரும் சொன்னதில்லை என்பதற்காக எழுதுகிறேன். மூட்டில் வீக்கத்தையும் வலியையும் கூட்டும் புரோஸ்டகிளாண்டின் என்கிற அதே வகைப் பொருள்தான் இரைப்பையின் உள்தோலை அமிலம் அரிக்காமல் காக்கிறது. உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் ஓடவும் அதுதான் உதவுகிறது. மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென், ஃபிரோகாக்சிப் போன்ற வலி மருந்துகள் எல்லாம் அது உருவாவதைக் குறைக்கின்றன. அங்கே வலி குறையும்போது இங்கே காவலும் கொஞ்சம் குறைகிறது. புதிய மருந்துகள் வயிற்றுக்குக் கொஞ்சம் தயவு காட்டும்படி செய்யப்பட்டவை. சிறுநீரகத்துக்கு அவ்வளவு தயவு கிடையாது. பெரும்பாலான நாய்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் வாந்தியெடுத்துக் காய்ந்து கிடக்கும் நாய்க்கு, அக்னி நட்சத்திரத்தில் தண்ணீர் குடிக்காமல் படுத்திருக்கும் கிழட்டு நாய்க்கு, ஏற்கனவே சிறுநீரகமோ கல்லீரலோ பழுதான நாய்க்கு இதே மருந்து வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஸ்டீராய்டும் கூடவே போனால் வயிற்றில் புண் வரலாம், சில சமயம் ஓட்டையே விழும். ஒரு வலி மருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதுகூட நடுவில் சில நாள் இடைவெளி விட வேண்டும் என்கிறார்கள்.

காய்ச்சல் ஊசி என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றியும் கேட்க வேண்டும். நம் ஊரில் நாய்க்குக் காய்ச்சல் என்றால் பல சமயம் உண்ணிக் காய்ச்சல். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் இறங்கியிருக்கும். மழைக்காலமாக இருந்தால் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம், சிறுநீரகமும் கல்லீரலும் ஏற்கனவே அடி வாங்கியிருக்கும். இந்த நிலையில் இருக்கும் நாய்க்குச் சூடு இறங்கட்டும் என்று முதல் ஊசியாக மெலாக்சிகாம் போடுவதைப் பார்த்திருக்கிறேன். ரத்தப் பரிசோதனை வருவதற்கு முன்பே. சூடு இறங்கும், வீட்டுக்காரர் கும்பிட்டுவிட்டுப் போவார். இதில் உங்களுக்கு எத்தனை நெருக்கடி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஊசி போடாமல் அனுப்பினால் "டாக்டர் ஒண்ணுமே பண்ணலை" என்று அடுத்த கிளினிக்குக்குப் போகிறவர்கள் நாங்கள்தானே.

எங்கள் பக்கத் தப்பு இன்னும் இருக்கிறது. போன தலைமுறை நாய் ஒன்று எங்களிடம் இருந்தது, ஸ்பிட்ஸ், எட்டுக் கிலோ. அது நொண்டுவதைப் பார்த்து என் அம்மா தன் முழங்கால் மாத்திரையில் ஒன்றை இட்லிக்குள் வைத்துக் கொடுக்கப் போனார். அப்பா பார்த்துத் தடுத்தார், அதுவும் மாத்திரை விலையை நினைத்துத்தான். அந்த மாத்திரை 7.5 மில்லிகிராம் மெலாக்சிகாம். நாய்க்கு வழக்கமான தினசரி அளவு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், முதல் நாள் மட்டும் 0.2. எட்டுக் கிலோ நாய்க்கு 0.8 வர வேண்டிய இடத்தில் ஒன்பது மடங்கு போயிருக்கும். (இதைப் படிக்கிற யாரும் இந்தக் கணக்கை வைத்து வீட்டில் மருந்து கொடுத்துவிடாதீர்கள்.) மெலாக்சிகாமாவது நாய்க்கும் உள்ள மருந்து. மனிதர்களுக்கான இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக்கை நாய் வயிறு தாங்காது. மெடிக்கலில் போய் "நாய்க்கு வலி மாத்திரை" என்று கேட்டால் பாராசிட்டமாலோடு இவற்றில் ஒன்று கலந்த மாத்திரை எளிதாகக் கிடைத்துவிடுகிறது. அதே அட்டையிலிருந்து பூனைக்கும் ஒன்று கொடுத்தால் கதை முடிந்தது. பாராசிட்டமாலைப் பூனையின் உடம்பால் சமாளிக்கவே முடியாது.

சரி, நான் கேட்பது என்ன? ஒரு தாள். தமிழில். ஒரு பக்கம் போதும்.

மருந்தின் பெயர் அதில் இருக்க வேண்டும். கம்பெனி வைத்த பெயர் மட்டும் போதாது, மருந்தின் பெயரே வேண்டும், படிக்கும்படியான எழுத்தில். ஊசியாக இருந்தாலும் எழுத வேண்டும். அன்றைக்கு நாயின் எடை எவ்வளவு, எத்தனை நாளைக்குக் கொடுக்க வேண்டும் என்று இருக்க வேண்டும். சோற்றோடு கொடு, வெறும் வயிற்றில் கொடுக்காதே என்று ஒரு வரி. சாப்பாட்டை மறுத்தால், வாந்தி எடுத்தால், மலம் கருத்தால், சோர்ந்து படுத்தால், வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தால், அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் போன் செய் என்று ஒரு வரி. வேறு எந்த டாக்டரிடம் போனாலும் இந்தத் தாளைக் காட்டு என்று கடைசியில் கொட்டை எழுத்தில். எனக்கு அந்தக் கடைசி வரி ஒன்று கிடைத்திருந்தால் போதும், ஜிம்மி வயிற்றில் புண் வந்திருக்காது.

அப்புறம் அந்த சிரிஞ்ச். சில பாட்டிலோடு வரும் சிரிஞ்சில் கோடுகள் மில்லி கணக்கில் இல்லை, நாயின் கிலோ கணக்கில் இருக்கின்றன. முதல் நாள் நான் அரை மணி நேரம் அதை விளக்கில் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள், "இதுவரைக்கும்" என்று. உங்களுக்கு ஐந்து வினாடி.

இது நான் கண்டுபிடித்த யோசனை இல்லை. அமெரிக்காவில் 1997இல் கார்ப்ரோஃபென் மாத்திரை நாய்களுக்கென்றே விற்பனைக்கு வந்தது. மூட்டு வலியில் முடங்கிக் கிடந்த கிழ நாய்கள் எழுந்து ஓடின. கூடவே புகார்களும் வந்தன. 1998இல் கல்லீரல் பாதித்த 21 நாய்களைப் பற்றி ஒரு மருத்துவக் கட்டுரை வந்தது, அதில் 13 லாப்ரடார். மூட்டு வலியும் லாப்ரடாரும் அங்கே நிறைய என்பதால் அந்த எண்ணை வைத்து இனத்தைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பக்க விளைவு என்று ஒன்று இருப்பதையே தங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று நாய் வளர்த்தவர்கள் கொதித்தார்கள். இன்று அங்கே நாய்க்கான வலி மாத்திரை எதுவானாலும் வீட்டுக்காரருக்கான விளக்கத் தாள் ஒன்று உண்டு. மருந்தோடு அதையும் கேட்டு வாங்குங்கள் என்று அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே சொல்கிறது.

நம் நாட்டில் இதே மருந்துக் குடும்பத்துக்காக அரசாங்கம் அசைந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கொத்துக் கொத்தாகச் செத்தன. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போடுகிறார்கள் என்று தெரிந்ததும் 2015இல் குப்பியை 3 மில்லியாகச் சுருக்கினார்கள். 2023இல் கீட்டோபுரோஃபெனுக்கும் அசெக்ளோஃபெனாக்குக்கும் கால்நடைகளில் தடை வந்தது. கழுகுக்கு ஆபத்தில்லாத மாற்று என்று முன்வைக்கப்பட்டது எது என்றால், ஜிம்மி குடிக்கும் அதே மெலாக்சிகாம்தான். நீலகிரிப் பக்கத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பறக்கும் மிச்சக் கழுகுகளுக்காகக் குப்பியின் அளவையே மாற்ற முடிந்த நாட்டில், நாய்க்குப் போட்ட ஊசியின் பெயரைச் சீட்டில் எழுத முடியாதா?

எழுதிக் கொடுத்தால் நாளைக்கு அதை வைத்தே வம்புக்கு வருவார்கள் என்று உங்களில் ஒருவர் என்னிடம் நேராகச் சொன்னார். நியாயமான பயம்தான். ஆனால் எனக்குக் கோபம் வந்தது ஊசி போட்டதற்காக இல்லை, பில்லின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்த அந்த நிமிடத்துக்காக. பெயர் எழுதியிருந்தால் அந்தக் கிளினிக்கின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருந்திருக்காது. இன்னொருவர், காலையில் வாசலைத் தாண்டி வரிசை நிற்கும்போது தாளாவது எழுத்தாவது என்றார். அதற்குத்தான் அச்சடித்த தாள் கேட்கிறேன். பெயரும் எடையும் நாளும் மட்டும் நிரப்பினால் போதும். அதை உங்கள் உதவியாளர்கூடச் செய்யலாம்.

ஜிம்மி இப்போது மறுபடி மெலாக்சிகாமில்தான் இருக்கிறான். வயிறு ஆறியபிறகு பல வாரம் பொறுத்து, குறைந்த அளவில் ஆரம்பித்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் சிறுநீரகத்துக்காகக் கிரியாட்டினினும் கல்லீரலுக்காக எஸ்ஜிபிடியும் பார்க்கிறோம். சாதத்தைப் பாதியாக்கியதில் எடை 29.5க்கு வந்துவிட்டது, அதனால் மருந்தும் குறைந்தது. டைல்ஸ் மேல் நீளமாகத் தேங்காய் நார் மிதியடி போட்டிருக்கிறோம், ஹால் முழுக்க. விருந்தாளிகள் தடுக்கிக்கொள்கிறார்கள், பரவாயில்லை.

வருகிற வியாழக்கிழமை அவனுக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை. நானே தமிழில் ஒரு மாதிரித் தாள் எழுதி, கணினி மையத்தில் ஐம்பது பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அதில் மருத்துவத் தப்பு இருக்கும், நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். சிவப்பு மையால் திருத்திக் கொடுங்கள், மறுபடி அடித்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஜிம்மி வீட்டுக்காரன்,
திருச்சி