ரயில் சித்திரம் சான்றாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க ரயில்வே பாக்கெட் கடிகாரங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை, பழைய கடிகாரங்களைப் பிரித்துப் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் ஆவலுடன் படித்தேன். ஆனால், பின்மூடியில் ரயில் எஞ்சின் பொறித்திருந்தால் அது அசல் ரயில்வே கடிகாரம் என்று அதில் எழுதியிருப்பது வாங்குவோரை ஏமாறவே வைக்கும்.

1891 ஏப்ரலில் ஒஹையோ மாநிலத்தின் கிப்டனில் இரண்டு ரயில்கள் மோதிக்கொண்டன. ஓட்டுநர் ஒருவரின் கடிகாரம் நான்கு நிமிடம் நின்று மீண்டும் ஓடியதே காரணம் என்று கூறப்பட்ட அந்த விபத்துக்குப் பின், கிளீவ்லாந்து நகை வணிகர் வெப் பால் ரயில்வே கடிகாரங்களைச் சோதிக்கும் முறையை வகுத்தார். முன்மூடி இல்லாத முகம், 16 அல்லது 18 சைஸ் (மெஷினின் அளவைக் குறிக்கும் எண்), தேய்மானத்தைக் குறைக்க அச்சுகளைத் தாங்கும் கற்கள் குறைந்தது 17, கடிகாரத்தை ஐந்து நிலைகளில் எப்படி வைத்தாலும் சீராக ஓடும்படி சீர்செய்த ஓட்டம், வாரத்துக்கு 30 வினாடிக்கு மேற்படாத பிழை, 12-க்கு நேரே சாவித்தலை (சாவி கொடுக்கத் திருகும் குமிழ்) என்று அமைந்த அந்த விதிகளில் ஒன்றுகூட அலங்காரத்தைப் பற்றியதல்ல. எஞ்சின் படமும் அமெரிக்கப் பெயரை ஒத்த ஒரு பெயருமாக, மலிவான சுவிஸ் போலிகள் அக்காலத்திலேயே ஏராளமாக விற்கப்பட்டன.

தரத்தைச் சொல்வது உள்ளே இருக்கும் மெஷின்தான். அமெரிக்க ஹாமில்டன் நிறுவனத்தின் 992, 974 ஆகிய மாடல்கள் இரண்டும் 16 சைஸ்தான்; டயலை மட்டும் பார்ப்பவருக்கு வேறுபாடு எளிதில் பிடிபடாது. பின்மூடியைத் திருகித் திறந்தால் முன்னதில் 21 கற்கள். பின்னதில் 17 கற்கள், அதுவும் மூன்று நிலைகளுக்கு மட்டுமே சீர்செய்யப்பட்டது. கண்ணாடி வளையத்தைக் கழற்றி, டயலின் ஓரத்தில் ஒளிந்திருக்கும் சிறு நெம்புகோலை நகத்தால் இழுத்தால்தான் முள்ளை நகர்த்த முடியும் என்ற அமைப்பும் கவனிக்கத்தக்கது. சாவி கொடுக்கும்போது கைதவறி நேரம் மாறிவிடக் கூடாது என்பதற்காகவே அது கட்டாயமாக்கப்பட்டது. ஒரு ரயில்வே நிறுவனம் ஏற்றுக்கொண்ட கடிகாரத்தை வேறொரு ரயில்வே நிறுவனம் ஏற்காததும் உண்டு.

கட்டுரையாளர் கேஸில் (மெஷினை மூடியிருக்கும் வெளிக்கூட்டில்) உள்ள எண்ணைக் கொண்டு ஆண்டு கணித்திருக்கிறார். அது கேஸ் செய்தவரின் எண். கடிகாரத்தின் காலத்தை மெஷினில் உள்ள வரிசை எண்ணே காட்டும். அந்நாளில் மெஷினையும் கேஸையும் தனித்தனியே வாங்கிக் கடையிலேயே பொருத்துவது வழக்கம் என்பதால், இரண்டு எண்களும் வேறுபடுவது குற்றமல்ல. ஆனால் கேஸின் உள்விளிம்பில் மெஷினைப் பிடிக்கும் திருகாணிகளின் தழும்புகள் இரண்டு ஜோடியாகத் தெரிந்தால், மெஷின் பிற்பாடு மாற்றப்பட்டது என்று கொள்ளலாம்.

கட்டுரையுடன் அச்சான படத்திலேயே சாவித்தலை 3-க்கு நேரே நிற்கிறது. முன்மூடியுள்ள கேஸுக்காகச் செய்த மெஷினை முன்மூடி இல்லாத கேஸில் பொருத்தினால் இப்படித்தான் அமையும். வெப் பாலின் பரிசோதகர் அதைக் கையில் வாங்கியதும் திருப்பிக் கொடுத்திருப்பார். அந்தப் படத்துக்கேனும் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்