வண்ணக் கடல்மீன் கடைகள் மீன் வந்த தேதியை எழுதி வைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை கொளத்தூருக்கு வண்ண மீன் வாங்கப் போகிறவர்களில் கணிசமானோர், கோல்டு ஃபிஷ், கப்பி ஆகியவற்றோடு நின்றுவிடாமல் கடல்மீன் தொட்டியும் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். விளக்குக்கும் உப்புக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தயங்காத இவர்களிடம், புதிதாக வாங்கும் மீனைத் தனியே வைத்துக் கவனிக்க இன்னொரு சிறு தொட்டி வேண்டும் என்பதை விற்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

பல கடைகளில் வரிசையாக இருக்கும் தொட்டிகள் அனைத்திலும் ஒரே தண்ணீர்தான் சுற்றி வருகிறது. ஆகவே ஒரு தொட்டியில் நோய் இருந்தால் அது எல்லாத் தொட்டிக்கும் உரியதாகிவிடுகிறது. நோய் வெளியே தெரியாதிருக்கச் சிலர் அத்தண்ணீரில் காப்பர் (செம்பு கலந்த) மருந்தைக் குறைந்த அளவில் கலந்து வைப்பதும் உண்டு. அந்த அளவு மருந்து, நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியை அடக்கி வைக்குமே தவிர அழிக்காது என்பதால், கடையில் பளபளவென்றிருந்த பவுடர் புளூ டேங் என்ற நீல மீன், மருந்தில்லாத வீட்டுத் தண்ணீருக்கு வந்த சில நாட்களில் துடுப்பெல்லாம் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகளோடு நிற்கிறது. மூன்று முதல் ஏழு நாட்களில் அந்தப் புள்ளிகள் தாமாகவே மறைந்துவிடும். தீனியில் பூண்டுச் சாறு கலந்து கொடுத்தவர் பூண்டுதான் குணப்படுத்தியது என்று மகிழ்ந்துபோகிறார். உண்மையில் ஒட்டுண்ணி மீனைவிட்டு உதிர்ந்து, மணலிலும் கல்லிலும் கூடுகட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பெருகித் திரும்பி வரக் காத்திருக்கிறது. சில கூடுகள் வெடிக்கப் பல வாரங்கள் ஆகும் என்பதால்தான், நோய் புகுந்த தொட்டியை 76 நாட்கள் மீனே இல்லாமல் வைத்திருக்கும்படி அனுபவசாலிகள் கூறுகிறார்கள். வெல்வெட் எனப்படும் நோயோ இந்த வெள்ளைப் புள்ளி நோயைவிடக் கொடியது. மீன் மூச்சு வாங்குவதை நாம் கவனிப்பதற்குள் தொட்டியே காலியாகிவிடும்.

பவளமும் இறாலும் இருக்கும் தொட்டியில் காப்பரை ஊற்றினால் அவை செத்துவிடும். கல்லும் மணலும் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். எனவே முதலில் சொன்ன தனிச் சிறு தொட்டியில்தான் சிகிச்சை செய்ய வேண்டும்; அதில் இவை எதுவும் இருக்கலாகாது. ஒளிந்துகொள்ளச் சில பி.வி.சி. குழாய்த் துண்டுகள், பெரிய தொட்டியில் சில வாரங்கள் ஓடிப் பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், இதற்கென்றே தனி வலை, அம்மோனியா சோதிக்க ஒரு டெஸ்ட் கிட் ஆகியவை போதும். மருந்தை உற்பத்தியாளர் குறித்திருக்கும் அளவில், அளந்து பார்த்து, ஒரு மாதம் குறையாமல் நிலைநிறுத்த வேண்டும். நடுவில் ஒரு நாள் மருந்தின் அளவு குறைந்தாலும் நாட்களின் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்குவதே நல்லது.

எந்த மீனோடு எந்த மீனைச் சேர்ப்பது என்பதும் இதோடு பிணைந்த விஷயமே, ஏனெனில் துரத்தப்பட்டு மூலையில் ஒதுங்கி, தீனி எடுக்காத மீனைத்தான் நோய் முதலில் பிடிக்கிறது. விலை மலிவு என்பதற்காக முதலில் விடப்படும் டாம்செல் என்ற சிறு மீன், முன்னால் குடிவந்தவர் பாத்தியதை கொண்டாடுவதைப் போல, பின்னால் வரும் மீனை எல்லாம் விரட்டும். சாதுவானவற்றை முதலிலும் முரட்டு மீன்களைக் கடைசியிலும் விடுவதே முறை. லயன் மீன் தன் வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கும். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல பவளத்தையே கொத்தித் தின்னும். டேங் வகையில் ஒரே உருவமுள்ள இரண்டைச் சிறிய தொட்டியில் விட்டால் வால் முள்ளால் ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளும். முதல் தொட்டிக்கு நான் பரிந்துரைப்பது இரண்டு இளம் கிளவுன் மீன்களைத்தான். அவை எல்லாமே ஆணாகப் பிறந்து, பெரியது பெண்ணாக மாறுவதால் ஜோடி தானே அமையும். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கும்போது, பண்ணையில் பிறந்தவற்றைக் கேட்டு வாங்குவதே முறையாகும்.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு தொட்டியின் கண்ணாடியிலும் மீன் வந்து சேர்ந்த தேதி, தண்ணீரில் காப்பர் இருக்கிறதா என்ற விவரம், மீன் எந்தத் தீனியை எடுக்கிறது என்ற குறிப்பு ஆகிய மூன்றையும் எழுதி வைக்கட்டும். அதுவரை வாங்குவோர், கண்ணெதிரே மீன் தீனி தின்பதைப் பார்த்து, முன்பணம் கொடுத்து இரண்டு வாரம் கடையிலேயே விட்டுவைத்து, அதன் பிறகு எடுத்துச் செல்லலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சென்னை