ஒட்சிசன் சென்சரின் வயரிங்கைச் சோதிக்காமல் பாகங்களை மாற்றியமை தொடர்பான முறைப்பாடு

தலவாக்கலை.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
வாகனப் பழுதுபார்ப்பு நிலையம்,
நுவரெலியா.

ஐயா,

தங்கள் நிலையத்தில் எனது பெற்றோல் காருக்குச் செய்யப்பட்ட வேலை குறித்து இம்முறைப்பாட்டை எழுத்தில் முன்வைக்கிறேன். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்த காரணத்தால் வண்டியை ஒப்படைத்தபோது, தங்கள் ஊழியர்கள் ஸ்கேனரில் பீ 0135 என்ற குறியீட்டைக் கண்டு எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையிலுள்ள ஒட்சிசனை அளக்கும் முன்பக்க ஒட்சிசன் சென்சரை மாற்றினார்கள். விளக்கு மீண்டும் எரிந்ததும், பொருத்திய சென்சர் பழுதாக இருக்கலாம் என்று கூறி வேறொன்றைப் பொருத்தி, அதற்கும் முழுப் பணத்தை அறவிட்டார்கள். அதன் பின்னரும் குறை தீராததால், புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கட்டலிட்டிக் கொன்வேர்ட்டரையே மாற்ற வேண்டும் என்று பெருந்தொகைக்கு விலைமதிப்பு எழுதித் தந்தார்கள். இவ்வளவு வேலைக்கும் இடையில் அந்தச் சென்சருக்குச் செல்லும் வயர்களில் யாரும் மின்னழுத்தத்தையும் மின்தடையையும் அளக்கும் ஒரு மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கவில்லை என்பதே எனது முறைப்பாடு.

பீ 0135 என்பது அந்தச் சென்சருக்குள் இருக்கும் சூடாக்கியின் மின்சுற்றில் கோளாறு உண்டு என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. மின்சுற்று என்றால் பியூஸ், ரிலே, வயர், சொக்கட், சூடாக்கி, எஞ்சின் கணினி வழியான எர்த் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். இவற்றுள் எது கெட்டிருந்தாலும் ஸ்கேனர் இதே குறியீட்டையே காட்டும் என்பதை, இத்தொழிலைச் செய்யும் நிலையத்துக்கு வாடிக்கையாளர் ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தருகிறது.

கழற்றிய பழைய சென்சரைக் கேட்டுப் பெற்றுக்கொண்டு, ஹற்றனில் வாகன வயரிங் வேலை செய்யும் ஒருவரிடம் வண்டியைக் காட்டினேன். அவர் முதலில் அந்தப் பழைய சென்சரின் சூடாக்கியின் மின்தடையை அளந்தார். அது தயாரிப்பாளரின் கைநூலில் உள்ள எல்லைக்குள்ளேயே இருந்தது. அடுத்து, வண்டிப் பக்கத்துச் சொக்கட்டில் மின்னழுத்தத்தைப் பார்த்தபோது மீட்டர் 12 வோல்ற்றுக்கு மேல் காட்டியது. அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. மீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே இழுப்பதால், வயரில் ஓரிரு செப்பு இழைகள் மிஞ்சியிருந்தாலும் அது முழு மின்னழுத்தத்தைக் காட்டிவிடும் என்று விளக்கி, கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும் சிக்னல் விளக்கின் 21 வோட் பல்பு ஒன்றை அதே இடத்தில் இணைத்தார். பல்பு மங்கலாக எரிந்தது. மின்னழுத்தம் பாதிக்கும் கீழே இறங்கியது. வயர்க்கட்டைப் பின்தொடர்ந்து சென்றபோது, கியர்பெட்டிக்கு மேலுள்ள இரும்புத் தாங்கியில் உரசி உறை தேய்ந்திருந்த ஓரிடத்தில், செம்பு பச்சைக் களிம்பு பிடித்து, பெரும்பாலான இழைகள் அறுந்திருந்தன. ஆண்டின் பெரும்பகுதி மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வரும் எங்கள் பகுதியில், ஈரம் புகுந்த வயரைத் தேடுவதுதான் முதல் வேலையாக இருக்க வேண்டும். சேதமடைந்த பகுதியை வெட்டிப் புதிய வயரை இணைத்து உறையிட்ட பின்னர் விளக்கு எரியவே இல்லை.

நான் விளக்கம் கேட்டபோது, நுவரெலியாவின் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவென்றும் அதனாலேயே இக்குறியீடு வருகிறதென்றும் தங்கள் மேற்பார்வையாளர் கூறினார். கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் காற்று மெலிவது உண்மையே. ஆனால் அதற்கேற்ப எரிபொருள் அளவைச் சீராக்குவது எஞ்சின் கணினியின் அன்றாட வேலை. சூடாக்கியில் பாயும் மின்னோட்டத்துக்கும் காற்றின் அடர்த்திக்கும் தொடர்பில்லை. இந்த விடையை வேறு எந்த மலையக வாடிக்கையாளருக்கும் கூற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இது எச்சரிக்கை விளக்கோடு முடிந்துவிடும் சிறிய குறையன்று. இவ்வகைச் சென்சர் ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். சூடாக்கி இயங்காவிட்டால் குளிர்ந்த காலையிலும், நானுஓயாவிலிருந்து நெடுந்தூரம் இறங்கி வரும்போதும், வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போதும் சென்சர் குளிர்ந்தே இருக்கும். கணினி சென்சரின் அளவீட்டைக் கைவிட்டுத் தோராயமாகப் பெற்றோலைக் கூடுதலாகச் செலுத்தும். என் வண்டிக்கு நேர்ந்ததும் அதுவே. தங்கள் நிலையம் வேலையை முடித்துத் தந்த பின்னரும் புகைப் பரிசோதனையில் காபனோரொட்சைட்டின் அளவு எல்லையைத் தாண்டியது. புகைப் பரிசோதனையில் தேறிய சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க முடியாது என்பதால், தொழிலுக்குப் பயன்படும் வண்டியை வீட்டில் நிறுத்தி வைக்க நேர்ந்தது.

மேலும், இரண்டாவது சென்சரின் சொக்கட் பொருந்தாததால் அதன் வயர்களை வெட்டி, முறுக்கி, ஈயம் உருக்கி ஒட்டி, கறுப்பு நாடாவைச் சுற்றியிருக்கிறார்கள். பல சென்சர்கள், புகையிலுள்ள ஒட்சிசனுடன் ஒப்பிடுவதற்குத் தேவையான வெளிக்காற்றை வயரின் இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளி வழியாகவே பெறுகின்றன. ஈயம் அந்த வழியை அடைத்துவிடும். அத்துடன் சூடான புகைக்குழாய்க்கு அருகில் நாடா நிலைக்காது.

ஆகவே, தேவையின்றி மாற்றிய இரு சென்சர்களின் விலையையும் கூலியையும் திருப்பித் தருமாறும், வெட்டி ஒட்டிய சென்சருக்குப் பதிலாகச் சரியான சொக்கட்டுடன் கூடிய ஒன்றைத் தங்கள் செலவில் பொருத்துமாறும், எந்தெந்தச் சோதனைகளின் அடிப்படையில் கொன்வேர்ட்டருக்கு விலைமதிப்பு தரப்பட்டது என்பதை அளவீடுகளுடன் எழுத்தில் தெரிவிக்குமாறும் கோருகிறேன். பற்றுச்சீட்டுகள், புகைப் பரிசோதனை அறிக்கை, அறுந்த வயரின் நிழற்படங்கள் ஆகியவற்றின் பிரதிகளை இத்துடன் இணைத்துள்ளேன். அறுந்த வயர்த்துண்டும் பழைய சென்சரும் என்னிடம் உள்ளன. பணம் பெற்றுச் செய்யும் சேவை உரிய கவனத்துடனும் திறமையுடனும் செய்யப்பட வேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் ஏற்பாடாகும். இரண்டு வாரங்களுக்குள் எழுத்துமூலப் பதில் கிடைக்காவிட்டால், இதே ஆவணங்களுடன் அவ்வதிகாரசபையிடம் முறையிடுவேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
வாகன உரிமையாளர்